எம்எஸ்-டாஸ் ஓடுகிறது, என் புரோகிராம் மட்டும் ஓடவில்லை

முன்பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர், "எம்எஸ்-டாஸ்" என்று. விண்டோஸுக்கு முந்தைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது, சுருக்கமாக டாஸ். அந்த ஸ்டிக்கரை நம்பித்தான் இந்தப் பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். 8088 ப்ராசஸர், 256 கிலோபைட் நினைவகம், ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவ் இரண்டு, பச்சைத் திரை. எண்பதுகளின் முதல் பாதியில் வந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் இப்படிச் செய்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

என் ஆசை ரொம்பச் சின்னது. படிக்கிற காலத்தில் டர்போ பாஸ்கல் 5 என்ற புரோகிராமிங் கருவியில் கேசட்டுகளைப் பட்டியல் போட ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்துதான். பெயரைத் தட்டினால் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். இந்த மெஷினில் அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டாஸ் புரோகிராம், டாஸ் மெஷின், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை வேலை என்று கணக்குப் போட்டது ஐந்து வாரம் இழுத்தது.

பவர் சப்ளை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்டைக் கழற்றி, வீங்கிய கெப்பாசிட்டர்கள் மூன்றை மாற்றி, லோடு போட்டு வோல்டேஜ் அளந்து பார்த்த பிறகே மெயின் போர்டோடு இணைத்தேன். டிரைவ்களின் ஹெட்டைத் துடைத்தேன். கூடவே வந்த சிஸ்டம் டிஸ்க்கைப் போட்டதும் கொஞ்சம் முனகிவிட்டு "எம்எஸ்-டாஸ் 2.11" என்று எழுந்து நின்றது. அந்த டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது, அது போனால் எல்லாம் போச்சு. அதனால் வேறு எதையும் தொடாமல் முதலில் அதை நகல் எடுத்தேன்.

நகல் எடுக்க கிரீஸ்வீசில் பயன்படுத்துகிறேன். டிஸ்க்கில் இருப்பது எந்த ஃபார்மட் என்றெல்லாம் கவலைப்படாமல், காந்தத் திசை மாறுகிற ஒவ்வொரு இடத்தையும் நேரக் கணக்கோடு அப்படியே பதிவு செய்துகொள்ளும் சின்ன போர்டு அது. பிரித்தெடுத்த இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு நகல் கோப்பு, 3,27,680 பைட் வந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது: 40 டிராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், டிராக்குக்கு எட்டு செக்டார் (பாதையின் துண்டு), செக்டாருக்கு 512 பைட். டாஸ் 1.1 காலத்து 320 கிலோபைட் வடிவம். 2.0-இலேயே ஒன்பது செக்டார் வந்து 360 ஆகிவிட்டது, ஆனாலும் இவர்கள் சிஸ்டம் டிஸ்க்கைப் பழைய வடிவத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

லினக்ஸில் அந்த இமேஜை மவுண்ட் செய்யப் போனால், அதாவது டிஸ்க் போலத் திறக்கப் போனால், "இது ஃபேட் இல்லை" என்று கையை விரித்தது. ஃபேட் என்பது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. காரணம் இதுதான். டிஸ்க்கின் அளவு, ஃபேட் அட்டவணை எங்கே, ரூட் டைரக்டரியில் எத்தனை இடம் என்பதையெல்லாம் டிஸ்க்கின் முதல் செக்டாரான பூட் செக்டாரிலேயே எழுதிவைக்கும் வழக்கம் டாஸ் 2.0-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஃபேட்டின் முதல் பைட்டைப் பார்த்துத்தான் டிஸ்க்கின் வகையைத் தெரிந்துகொள்வார்கள். எஃப்இ என்றால் 160 கிலோபைட், எஃப்எஃப் என்றால் 320, எஃப்டி என்றால் 360. இன்றைய சிஸ்டம்கள் அந்த பைட்டை நம்பி இறங்குவதில்லை. லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே "டாஸ்1எக்ஸ்ஃப்ளாப்பி" என்று ஒரு மவுண்ட் விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்ததும் கோப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. (இனி இந்தப் பதிவில் வரும் இன்டரப்ட் எண்கள், முகவரிகள், பைட், பிட் மதிப்புகள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறு அடிமான எண்கள்.)

அடுத்தது நகலை வேறு டிஸ்க்கில் எழுதுவது. இங்கே ஒரு நாளை வீணடித்தேன், அதுவும் தெரிந்தே செய்த தப்பு. கையில் இருந்தது 1.2 மெகாபைட் டிரைவ். அது 80 டிராக் டிரைவ், அதன் ஹெட் பாதி அகலம்தான். பழைய டிரைவ் போடும் டிராக் ஏறக்குறைய 0.33 மில்லிமீட்டர் அகலம், இது போடுவது 0.16. ஏற்கெனவே எழுதப்பட்ட டிஸ்க்கில் இதை வைத்து எழுதினால் அகலமான பழைய டிராக்கின் நடுவே ஒரு ஒல்லிக் கோடு விழும், இரண்டு ஓரத்திலும் பழைய தரவு அப்படியே இருக்கும். 40 டிராக் டிரைவின் அகல ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு விழிக்கும். எழுதிய டிரைவிலேயே போட்டுப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகத் தெரியும், அதுதான் ஏமாற்று. காந்தத்தால் முழுக்க அழித்த டிஸ்க் என்றால் ஒப்பேற்றலாம், ஆனால் நான் கடைசியில் ஒரு பழைய 360 டிரைவையே கிரீஸ்வீசிலில் மாட்டி எழுதினேன். அதன் பிறகு டிஸ்க் விஷயத்தில் ஒரு தொந்தரவும் இல்லை.

சரி, டிஸ்க் வேலை முடிந்தது. ஐபிஎம் வகை மெஷினுக்கான டாஸ் 3.3 ஒன்று இருக்கிறதே, 2.11-ஐ விடப் புதியது, அதையே போட்டு எழுப்பிவிடலாமா என்று ஒரு சபலம். போட்டேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பின்னால் வருகிற எல்லாத் தலைவலிக்கும் இதுதான் வேர். எம்எஸ்-டாஸ் இரண்டு துண்டு. ஒன்று எம்எஸ்டாஸ்.சிஸ்: கோப்பு, டைரக்டரி எல்லாம் அதன் பொறுப்பு, எந்த மெஷினிலும் ஏறக்குறைய ஒன்றேதான். இன்னொன்று ஐஓ.சிஸ்: திரை, விசைப்பலகை, டிஸ்க் ஆகியவற்றோடு பேசுகிற பகுதி. அதை மெஷினைத் தயாரிக்கிறவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஐபிஎம் மெஷினில் இந்த ஐஓ பகுதி, ரோம் சிப்பில் நிரந்தரமாக இருக்கும் பயாஸ் என்ற அடிப்படைப் புரோகிராமை இன்டரப்ட் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கும், திரைக்கு இன்டரப்ட் 10, டிஸ்க்குக்கு 13, விசைப்பலகைக்கு 16 என்று. என் மெஷினின் ஐஓ.சிஸ் யாரையும் கூப்பிடாது, நேராகச் சிப்களோடு பேசிக்கொள்ளும். 10, 13, 16 என்ற அந்த ஏற்பாடே இங்கே கிடையாது.

நினைவகத்தைத் துழாவிப் பார்க்கும் டாஸ் கருவியான டீபக்கில் 0:40 முகவரியைப் பார்த்தேன், இன்டரப்ட் 10-இன் வெக்டர், அதாவது அதைக் கூப்பிட்டால் போக வேண்டிய முகவரி, அங்கேதான் இருக்கும். ரோமில் ஒரு இடத்தைக் காட்டியது. அங்கே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு பைட், சிஎஃப். அதாவது ஐரெட், "வந்த வழியே திரும்பிப் போ" என்பது. 4சி, 58 என்று மற்ற வெக்டர்களும் அதே இடத்தையே காட்டின. ஆக, ஐபிஎம் டாஸின் பூட் செக்டார் "டிஸ்க்கைப் படி" என்று 13-ஐக் கூப்பிட்டிருக்கிறது. ஐரெட் பழைய ஃபிளாக்குகளை (ப்ராசஸர் வைத்திருக்கும் ஆம்/இல்லை குறிகளை) அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், பிழை என்று காட்டும் கேரி ஃபிளாக் ஏறவில்லை, அதனால் "படித்தாகிவிட்டது" என்று பூட் செக்டார் நினைத்துக்கொண்டது. படித்ததில் சிஸ்டம் கோப்பைத் தேடியிருக்கும், இருந்தால்தானே கிடைக்கும். "சிஸ்டம் டிஸ்க் இல்லை" என்று சொல்லவாவது செய்யலாமே என்றால், அந்தச் செய்தியைக் காட்டவும் இன்டரப்ட் 10-ஐத்தான் கூப்பிட வேண்டும். வாயைக் கட்டிப்போட்டுவிட்டு என்ன வலி என்று கேட்ட கதை.

இந்தத் தயாரிப்பாளர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வந்தது டாஸுக்கு முந்தைய ஆப்பரேட்டிங் சிஸ்டமான சிபி/எம் உலகத்திலிருந்து. அங்கே ஆளாளுக்கு ஒரு விதமாக மெஷின் செய்தார்கள், டிஸ்க் வடிவம்கூட ஒத்துப்போகாது, ஆனாலும் புரோகிராம்கள் ஓடின. ஏனென்றால் எல்லாரும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டுத்தான் வேலை செய்தார்கள். திரைக்கு எந்த எஸ்கேப் குறியீடு (கர்சரை நகர்த்து, திரையைத் துடை என்று கட்டளையிடும் எழுத்துக் கோவை) என்று நிறுவும்போது ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது, டாஸும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தார்கள். விக்டர் 9000, டெக் ரெயின்போ, டேண்டி 2000 எல்லாம் அந்த நம்பிக்கையில் வந்தவை. சில விஷயங்களில் ஐபிஎம்மை விட அவை மேல். ஆனால் 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088-இல் டாஸ் வழியாகத் திரையில் எழுதினால் எழுத்து ஊர்ந்து ஊர்ந்து வரும். புரோகிராம் எழுதுகிறவர்கள் பொறுமை இழந்து, வண்ணத் திரையின் நினைவகமான பி800-இல் நேராகவே எழுத ஆரம்பித்தார்கள். 1983 ஜனவரியில் வந்த கணக்குத்தாள் புரோகிராமான லோட்டஸ் 1-2-3 அந்த வேகத்தாலேயே பேர் வாங்கியது. அப்புறம் ஒரு மெஷின் ஐபிஎம்மோடு ஒத்துப்போகும் "கம்பாட்டிபிள்" தானா என்று பார்க்க லோட்டஸையும் ஃபிளைட் சிமுலேட்டரையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கமானது. டாஸ் ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. காம்பாக் நிறுவனம் பிழைத்தது பயாஸையும் வன்பொருளையும் அச்சாக ஒத்துப்போகும்படி செய்ததால்தான்.

இதெல்லாம் எனக்கு ஓரளவு முன்பே தெரியும். ஆனால் என் புரோகிராம் லோட்டஸ் இல்லையே, வெறும் கேசட் பட்டியல்தானே என்று ஒரு தைரியம்.

ஓட்டினேன். கர்சர் அடுத்த வரிக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. தலைப்புகூட வரவில்லை. விசை எதற்கும் அசையவில்லை, ரீசெட்தான்.

நேரடியாகத் திரையில் எழுதுவதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். டர்போ பாஸ்கலில் "டைரக்ட்வீடியோ" என்று ஒரு மாறி உண்டு, அதை ஃபால்ஸ் ஆக்கினால் பி800-ஐ விட்டுவிட்டு பயாஸ் வழியாகப் போகும். இங்கேதான் பயாஸே இல்லையே என்பது அப்போது உறைக்கவில்லை, ஏதாவது மாறுகிறதா பார்ப்போம் என்று மாற்றி கம்பைல் செய்து கொண்டுவந்தேன். அதே இடத்தில் நின்றது. என் முதல் வரிக்கு முன்னால் ஒரு பீப் வைத்தேன், அதுவும் வரவில்லை. அப்படியென்றால் என் வரிகளுக்கே அது வந்து சேரவில்லை. அதற்கு முன்னாலேயே எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

டீபக்கில் ஏற்றி ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தினேன். அலுப்பான வேலை. இரண்டு பக்கம் தாண்டியதும் திரும்பத் திரும்ப இரண்டே வரி வர ஆரம்பித்தது: 40:6சி-இல் இருக்கும் பைட்டை எடுத்து பிஎல் ரெஜிஸ்டரோடு (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவு அறை) ஒப்பிடு, சமமாக இருந்தால் மறுபடி ஒப்பிடு. பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஐபிஎம் பயாஸ் 40:6சி-இல் ஒரு கடிகார எண்ணிக்கை வைத்திருக்கும், நொடிக்கு 18.2 தடவை அது ஏறும். திரை வேலைக்கென்று புரோகிராமோடு சேர்க்கும் டர்போ பாஸ்கலின் சிஆர்டி யூனிட் தொடங்கும்போது, டிலே (குறித்த நேரம் காத்திருப்பது) செய்யத் தன் லூப் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று கணக்குப் பார்க்க அந்த எண்ணிக்கை மாறும் வரை காத்திருக்கும். இங்கே அது மாறவே மாறாது, அதனால் காத்துக்கொண்டே இருக்கிறது. இதே கணக்குத்தான் பின்னாளில், 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வேகம் வந்ததும், லூப் அளவுக்கு மீறிச் சுற்றி வகுத்தல் விடை ரெஜிஸ்டரில் அடங்காமல் "ரன்டைம் எரர் 200" என்று பலரைப் படுத்தியது. நாலைந்து வரி, வேகமான மெஷினில் ஒரு விதமாகச் சாகிறது, என் மெஷினில் இன்னொரு விதமாக.

வழி சுலபம்தான். சிஆர்டி யூனிட்டையே எடுத்துவிட்டால் எழுத்தை வெளியிடும் டர்போ பாஸ்கலின் ரைட் கட்டளை எல்லாம் இன்டரப்ட் 21 வழியாக, அதாவது ஒழுங்காக டாஸைக் கேட்டுப் போகும். திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் இந்த மெஷினின் கன்சோல் டிரைவருக்கு ஆன்சி என்ற பொதுத்தர எஸ்கேப் குறியீடுகள் தெரியும். கர்சரை நகர்த்த, திரையைத் துடைக்க, எழுத்தைப் பளிச்சென்று காட்ட என்று முப்பது வரியில் சொந்தமாக ஒரு யூனிட் எழுதினேன். கம்பைல் செய்து போட்டேன். வந்தது! பச்சைத் திரையில் என் பழைய தலைப்பு, நட்சத்திரங்களால் கட்டம் கட்டி. கொஞ்சம் மெதுவாக, மேலிருந்து கீழாக வரைந்துகொண்டே வந்தது, அது பரவாயில்லை.

இங்கே பதிவை முடித்திருக்கலாம். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

பத்துப் பதினைந்து கேசட் பெயர்களைச் சேர்த்து பி டிரைவில் சேமித்தேன், சரியாகப் போனது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி உடனே மறுபடி சேமித்தேன். "நாட் ரெடி எரர் ரைட்டிங் டிரைவ் பி. அபார்ட், ரிட்ரை, இக்னோர்?" டிரைவ் கதவு மூடித்தான் இருக்கிறது. ரிட்ரை கொடுத்தேன், எழுதிவிட்டது. மறுபடி செய்தேன், மறுபடி அதே. கொஞ்ச நேரம் விட்டுச் சேமித்தால் ஒழுங்காகப் போகிறது, கையோடு கையாகச் சேமித்தால் அடம்பிடிக்கிறது.

டிரைவ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். பழைய டிரைவ், பெல்ட் வழுக்குகிறது, வேறென்ன. பெல்ட்டை மாற்றினேன். சுழல் வேகத்தை அளந்தேன், நிமிடத்துக்கு 300, துல்லியமாக இருந்தது. டிரைவ் இரண்டையும் இடம் மாற்றினேன், பிழை டிரைவோடு போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. கேபிள் கனெக்டரைத் தேய்த்தேன். ஒன்றரை வாரம் இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு ராத்திரி, என் புரோகிராமே இல்லாமல், வெறும் காப்பி கட்டளையால் அடுத்தடுத்து இருபது கோப்பு பி-க்கு எழுதினேன். ஒரு பிழையும் இல்லை. என் புரோகிராமை ஒரே ஒரு தடவை திறந்து, எதையும் தொடாமல் மூடிவிட்டு, மறுபடி அதே காப்பி: இரண்டாவது கோப்பிலேயே "நாட் ரெடி".

அப்போதுதான் முதுகு நிமிர்ந்தது. என் புரோகிராம் மூடிய பிறகும் ஏதோ ஒன்று கெட்டுப்போய் மிச்சமிருக்கிறது. டாஸில் காவல் என்று ஒன்றும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். மெஷினைப் புதிதாக எழுப்பி, தாழ்ந்த முகவரிகளில் இருப்பதை டீபக்கில் கோப்பாகச் சேமித்தேன். என் புரோகிராமை ஓட்டி மூடிவிட்டு இன்னொரு தடவை சேமித்தேன். இரண்டையும் ஒப்பிட்டேன். இன்டரப்ட் வெக்டர், டாஸின் சொந்தக் கணக்குகள் என்று மாற வேண்டியவை மாறியிருந்தன, அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சியது ஒரே ஒரு பைட். முகவரி 40:17. முதலில் 0சி, பிறகு 2சி.

40:17. இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டே என் பாஸ்கல் மூல நிரலைத் திறந்தேன். மூன்றாவது பக்கத்தில், ஒரு குறிப்புகூட இல்லாமல், இருக்கிறது:

மெம்[$0040:$0017] := மெம்[$0040:$0017] ஆர் $20;

நம்லாக்கைப் போடுவதற்கு. ஐபிஎம் மெஷினில் 40:17 என்பது விசைப்பலகையின் நிலையை வைத்திருக்கும் பைட், அதில் 20 என்ற பிட்டை ஏற்றினால் நம்லாக் விழும். கேசட் எண்ணை வலப்பக்க எண் விசைகளில் தட்ட வசதியாக இருக்குமே என்று யாரோ ஒரு புத்திசாலி மாணவன் எழுதியிருக்கிறான். அது நான்தான்.

என் மெஷினில் அந்த இடத்தில் விசைப்பலகை நிலை எதுவும் இல்லை. பயாஸே இல்லாததால் பயாஸின் தரவுக்கென்று ஒதுக்கிய இடமும் கிடையாது. வெக்டர் அட்டவணை முடிந்ததும், 40:0-இலிருந்தே, ஐஓ.சிஸ் உட்கார்ந்திருக்கிறது. நான் பிட் ஏற்றியது அதன் கட்டளைகளில் ஒன்றின் மேல். 0சி என்றால் "ஏஎல் ரெஜிஸ்டரோடு ஆர் செய்", அதாவது குறிப்பிட்ட பிட்டை ஒன்றாக்கு. 2சி என்றால் "ஏஎல்-இலிருந்து கழி". ஒரே பிட்தான் வித்தியாசம். அந்த வரி டிஸ்க் மோட்டாரைக் கிளப்புகிற சின்ன ரூட்டினில் இருந்தது: ஏஎல்-இல் 10 என்ற பிட்டை ஏற்று, பிறகு அதைக் கட்டுப்பாட்டு போர்ட்டுக்கு அனுப்பு. ஆர் என்றால் அந்த பிட் ஏற்கெனவே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கழித்தல் அப்படி இல்லை. மோட்டார் நின்றிருந்தால் பிட் பூஜ்யம், 10-ஐக் கழித்தால் கடன் வாங்கி அந்த பிட்டும் மேல் பிட்டுகளும் ஏறிவிடும், மோட்டார் ஓடும். மேல் பிட்டுகளுக்கு இந்த மெஷினில் வேலை இல்லை, அதனால் தெரியாது. மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பிட் ஒன்று, கழித்தால் பூஜ்யம், ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிடும். அதனால்தான் விட்டு விட்டுச் சேமித்தால் சரி, தொடர்ந்து சேமித்தால் "நாட் ரெடி". பெல்ட் மேல் பழி போட்டதற்கு அந்த டிரைவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வரியை எடுத்தேன். இருபது முறை அடுத்தடுத்துச் சேமித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மூல நிரல் கையில் இருந்ததால் பிழைத்தேன். மூல நிரல் இல்லாத புரோகிராமை என்ன செய்வது என்று ஒரு அரிப்பு வந்தது. ஐபிஎம்முக்கென்று எழுதப்பட்ட ஒரு குட்டி டெக்ஸ்ட் எடிட்டர் என்னிடம் உண்டு, அது பி800-ஐத் தொடாது, எல்லாவற்றையும் இன்டரப்ட் 10, 16 வழியாகவே செய்யும். அப்படியென்றால் அந்த இரண்டுக்கும் நானே ஆள் வைத்துவிடலாமே. நினைவகத்தில் தங்கிவிடுகிற ஒரு சின்ன புரோகிராமை அசெம்ப்ளரில் எழுதினேன், 10-ஐ யார் கூப்பிட்டாலும் அதை ஆன்சி குறியீடாக மாற்றி டாஸிடம் கொடுக்கும். என் மெஷினின் கன்சோல் டிரைவர் 10-ஐத் திருப்பிக் கூப்பிடாது என்பதால், டாஸுக்குள்ளேயே டாஸைக் கூப்பிடுகிற வம்பும் இல்லை.

முதல் ஓட்டத்தில் எடிட்டர் திரையின் இடது ஓரத்தில் 15 எழுத்து அகலத்துக்கு ஒட்டடை மாதிரி ஒரு பட்டையாக வந்தது. ஏன் 15? எடிட்டர் ஏஹெச் ரெஜிஸ்டரில் 0எஃப் வைத்து "திரை எத்தனை பத்தி?" என்று கேட்கிறது, பதில் அதே ஏஹெச்-இல்தான் வர வேண்டும். நான் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத மறந்துவிட்டேன், அதனால் அது வைத்த 0எஃப் அப்படியே திரும்பிப் போயிற்று. 0எஃப் என்றால் 15. தன் கேள்வியையே பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டது. 80 என்று திருப்பிக் கொடுத்ததும் திரை விரிந்தது. அடுத்து எல்லாமே ஒரு வரி மேலே, ஒரு எழுத்து இடப்பக்கம் நகர்ந்திருந்தது: பயாஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆன்சி ஒன்றிலிருந்து. எழுத்தை அனுப்ப டாஸின் 06-ஆம் பணியை வைத்திருந்தேன், அதில் எஃப்எஃப் என்ற எழுத்தை அனுப்பினால் "விசை ஏதாவது இருக்கிறதா பார்" என்று அர்த்தம் மாறிவிடும். எடிட்டர் காலி இடத்தை நிரப்ப அதே எஃப்எஃப்-ஐத்தான் வாரி இறைத்துக்கொண்டிருந்தது, நான் தட்டுகிற எழுத்துகள் பாதி அதில் காணாமல் போயின. எஃப்எஃப் வந்தால் அதற்குப் பதிலாக வெறும் இடைவெளியை அனுப்பும்படி செய்தேன். கடைசி வரியின் கடைசி எழுத்தை எழுதினால் திரை முழுக்க ஒரு வரி மேலே ஏறிவிடும், அந்த ஒரு கட்டத்தை மட்டும் எழுதாமலே விட்டுவிடுகிறேன்.

ஆனால் ரொம்ப நேரம் தின்றது விசைப்பலகைதான். 16-இல் 01-ஆம் பணி, விசை காத்திருக்கிறதா என்று கேட்பது, பதிலை ஜீரோ ஃபிளாக்கில் சொல்ல வேண்டும். நான் ஃபிளாக்கைச் சரியாக வைத்தேன், எடிட்டருக்கோ அது போய்ச் சேரவில்லை. விசை இல்லாதபோதும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, படிக்கப் போய் அங்கேயே உறைந்து நின்றது. மூன்று ராத்திரி. கடைசியில் பார்த்தால் என் ரூட்டினை ஐரெட் போட்டு முடித்திருக்கிறேன். ஐரெட் பழைய ஃபிளாக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று இதே பதிவில் மேலே எழுதியிருக்கிறேனே, பூட் செக்டாரைக் கிண்டல் செய்தேனே, அதே குழியில் நானும். ஸ்டாக்கில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) கிடக்கும் பழைய ஃபிளாக்கை அப்படியே விட்டுத் தாண்டிப்போகிற "ரெட்எஃப் 2" போட்டதும் எடிட்டர் சுறுசுறுப்பாகிவிட்டது.

இப்போது கேசட் பட்டியல் ஓடுகிறது, எடிட்டரும் ஓடுகிறது. எடிட்டரில் பக்கம் நகர்த்தினால் திரை வரைந்து முடிக்க இரண்டு நொடி பிடிக்கிறது. அம்பு விசைகளுக்கு ஐபிஎம் ஸ்கேன் எண் கொடுக்க ஒரு அட்டவணை வைத்துவிட்டேன். எஃப்9, எஃப்10 இந்த விசைப்பலகையிலேயே கிடையாது, அதற்கு ஆல்ட் சேர்த்து ஏதாவது செய்ய வேண்டும். பெட்டியில் ஒரு விளையாட்டு டிஸ்க்கும் இருந்தது, பி800-இல் நேராக எழுதுகிற வகை. என் மெஷினில் அந்த முகவரியில் நினைவகமே இல்லை, எழுதுவது காற்றில்தான் போகும், இடைமறிக்கவும் வழியில்லை. அதை இதில் முயலப்போவதில்லை, பக்கத்து மேஜையில் இருக்கிற, ஐபிஎம்மைப் பின்பற்றிச் செய்த கிளோனில் ஓடிக்கொண்டிருக்கிறது.